ஒன்றரைக் கோடி இடமுள்ள வீடு

மற்ற வீடுகளில் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் தட்டுகள் இருக்கும், பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பைகள் இருக்கும், தலையாட்டும் பொம்மை ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டு அலமாரியில் ரவுட்டர் இருந்தது. அடியில் நீல வெல்வெட் துணி விரித்து, பின்னால் கண்ணாடி பதித்து, பச்சை விளக்குகள் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும்படி வைத்திருந்தார் மூத்தார். அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி மூத்தாரின் இடுப்பில். மாமியார் இடுப்பில் தொங்க வேண்டிய சாவிக்கொத்து மூத்த மகன் இடுப்பில் தொங்கினால், அந்த வீட்டில் மாமியார் யார் என்று புது மருமகளுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவள் அந்த வீட்டின் சின்ன மருமகள். நெட்வொர்க் இன்ஜினியர். மூத்தார் என்பவர் அவள் கணவனுக்கு அண்ணன். ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்குத் தலைவர். தலைவர் என்பது உண்மை. வேலையை எல்லாம் அவருக்குக் கீழே இருந்தவர்கள் செய்தார்கள் என்பதும் உண்மை. கல்லூரியில் படித்ததை மறக்காதவர் என்று வீட்டில் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எதையுமே படிக்காதவருக்கு மறப்பதற்கு என்ன இருக்கிறது?

கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவளை அலமாரி முன்னால் நிறுத்தி விளக்கம் சொன்னார்.

"உனக்குத் தெரிஞ்ச துறைதான். அதனால சுருக்கமா சொல்றேன். இது கிளாஸ் ஏ வீடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. புது மருமகள் ஆயிற்றே என்று இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"தெருவுல மத்த வீட்லயெல்லாம் கம்ப்யூட்டர், ஃபோனுக்கெல்லாம் நம்பரை 192.168ன்னு ஆரம்பிச்சு வெச்சிருப்பாங்க. கடைக்காரன் டப்பாவுல எப்படிக் குடுத்தானோ அப்படியே. கிளாஸ் சி. நம்ம வீடு பத்து. கிளாஸ் ஏ. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் பேருக்கு இடம் இருக்கு."

"வீட்ல நாம அஞ்சு பேர்தானே அத்தான்?"

"அது நம்ம அடக்கம்" என்றார் மூத்தார்.

அலமாரிக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு, குடும்பத்தின் எண்கள் மாட்டியிருந்தன. மூத்தாருக்கு 10.0.0.1. காலமான மாமனாருக்கு 10.1.1.1, அவர் போன பிறகும் அந்த எண்ணை யாருக்கும் தராமல் மரியாதையாகக் காலியாக வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் மாமனார் கையில் பித்தான் வைத்த பழைய ஃபோன்தான் இருந்தது என்பது வேறு விஷயம். மாமியாருக்கு 10.2.2.2. மூத்தாரின் மனைவிக்கு 10.3.3.3. பிறகு டிவி, மீன் தொட்டி ஹீட்டர், வாசல் மணி. அதற்கெல்லாம் கீழே, சட்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்: 10.99.0.1, 10.99.0.2.

மரியாதையைத் தூரத்தால் அளந்திருக்கிறார். ஆனால் தெருவின் எல்லையைச் சொல்கிற மாஸ்க் என்ற எண்ணை எல்லோருக்கும் ஒன்றாகவே போட்டு வைத்திருந்ததால் எல்லோரும் ஒரே தெருவில்தான் இருந்தார்கள். அடுத்தடுத்த வீடுகளுக்குக் கதவெண்ணை மட்டும் ஒன்று, ஆயிரம், பத்து லட்சம் என்று எழுதி வைத்து, பத்து லட்சத்துக்காரன் ஊருக்கு வெளியே இருப்பதாக நம்பிக்கொள்வது போல. இதைப் பார்த்த அன்றைக்கே, மாடியில் தங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் அவருக்கு "கிளாஸ் ஏ" என்று பேர் வைத்துவிட்டாள். கணவன் கதவைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

அவன் எதற்கும் கதவைப் பார்த்துக்கொண்டுதான் சிரிப்பான். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து தருகிற பட்டறை வைத்திருந்தான். அவளுக்கு ஒருமுறை கடைவாய்ப் பல் உடைந்தபோது அதற்கு உறை செய்தவன் அவன்தான். மூன்று தடவை பொருந்தாமல் போய், நான்காவது தடவை வேண்டுமென்றே பொருந்தவில்லை என்று அவள் சொன்னதில் ஆரம்பித்ததுதான் இந்தக் கல்யாணம். நல்லவன். நாணயமானவன். ஊரார் வாயை எல்லாம் அளந்து பல் கட்டுகிறவனுக்கு அண்ணன் முன்னால் தன் வாயைத் திறக்க மட்டும் வராது.

மூன்றாவதாக ஒரு எண் வேண்டும் என்று அவள் ஒருமுறை கேட்டிருந்தாள், தன் ஃபோனுக்கு. ஒன்றரைக் கோடி இடம் காலியாகக் கிடக்கிற வீட்டில், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மூத்தார். வைக்கோல் போரில் படுத்த நாயாவது குரைத்துத் துரத்தும். இவர் யோசித்துக்கொண்டே படுத்திருந்தார்.

அதெல்லாம் சிரித்துத் தள்ளக்கூடியதாகத்தான் இருந்தது, புது வேலை கிடைக்கும் வரை.

குளிர்க் கிடங்குகள் நடத்துகிற பெரிய நிறுவனம். ஊர் ஊராகக் கிடங்கு. எல்லாக் கிடங்கின் நெட்வொர்க்கையும் வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே நிபந்தனை: ஒரு வாரம் சோதனை. வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அழைக்கும்போது வீட்டு இணைப்பு வழியாக அலுவலகத்தின் திரையைத் திறந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தில் வந்து சேர வேண்டும். அங்கே விடுதியில் அறை தருவார்கள். தலைமை அலுவலகம் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் இருந்தது. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை மடிக்கணினியைத் திறந்து, அலுவலகம் தந்த கடவுச்சொல்லைப் போட்டாள். உள்ளே போனாள். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. எந்தக் கிடங்கைத் தொட்டாலும் பதில் வரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, மேற்கூரையைப் பார்த்து, தனியாகச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

ஒரு கணினிக்கு இன்னொன்றைத் தேட வேண்டும் என்றால் அது முதலில் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: நான் தேடுகிற ஆள் என் தெருவிலேயே இருக்கிறானா? இருந்தால் தெருவில் நின்று கூப்பிடும். இல்லாவிட்டால் சேதியை வாசல் வழியாக வெளியே அனுப்பும். தெரு எங்கே முடிகிறது என்று சொல்வது மாஸ்க். மூத்தாரின் மாஸ்க் என்ன சொன்னது? பத்தில் ஆரம்பிக்கிற அத்தனை எண்ணும் இந்த வீட்டுக்குள்தான் என்றது. குளிர்க் கிடங்குகளின் எண்களும் பத்தில்தான் ஆரம்பித்தன. பாதி உலகத்தின் அலுவலகங்கள் அப்படித்தான். பத்து முழுக்க என்னுடையது என்று அலுவலகம் சொல்கிறது, பத்து முழுக்க என்னுடையது என்று வீடும் சொல்கிறது. இரண்டு பேரும் ஒரே அளவுக்கு உரிமை கேட்டால் கணினி பக்கத்தில் இருப்பவன் பேச்சைத்தான் கேட்கும். ஆக, எங்கோ இருக்கிற கிடங்கை அவள் கணினி மாடிப்படியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. டிவி கேட்டது. வாசல் மணி கேட்டது. மீன் தொட்டி ஹீட்டரும் கேட்டிருக்கும். கிடங்குக்கு மட்டும் கேட்கவில்லை.

தன் வீட்டின் பெருமைக்காக ஊரில் இருக்கும் எல்லா வீட்டையும் தன் வீட்டுக்குள் எழுதிக்கொண்ட மனிதரை என்ன செய்வது?

ஃபோன் வழியாகப் போகலாம் என்றால், நிலையான இணைப்புதான் வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. மாடிக்கு வேறொரு இணைப்பு இழுக்கலாம் என்றால் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். வீடு மூத்தார் பேரில். செவ்வாய்க்கிழமை காலை அவள் கீழே இறங்கினாள். மூத்தார் மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒரு சின்ன விஷயம்."

"சொல்லும்மா. சின்ன விஷயத்துக்குத்தானே நான் இருக்கேன்."

சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்போ உன் ஆபீஸ்தான் நம்பரை மாத்திக்கணும்" என்றார்.

"அங்க நாலாயிரம் மெஷின் இருக்கு அத்தான். நம்ம வீட்ல பத்துப் பன்னண்டு. மீன் தொட்டியையும் சேர்த்து."

"எண்ணிக்கையா முக்கியம்? தகுதி முக்கியம்மா."

"மாஸ்க்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம். 255.255.255.192ன்னு போட்டா அறுபத்திரண்டு இடம் கிடைக்கும். நமக்குத் தாராளம்."

மூத்தார் துணியை மடித்து வைத்தார். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "பத்துல ஆரம்பிச்சா கிளாஸ் ஏ. கிளாஸ் ஏ-வுக்கு மாஸ்க் 255.0.0.0. புலின்னா வரி இருக்கணும். வரியை மாத்தினா அது பூனை."

"கிளாஸெல்லாம் போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு அத்தான். இப்ப எல்லைக் கோட்டை எங்க வேணாலும் போட்டுக்கலாம்."

"யார் சொன்னா?"

"உலகமே சொல்லுது."

"உலகம் சொல்லும். உலகம் வந்து நம்ம வீட்டு ரவுட்டரைப் பாத்துக்குமா?"

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு காலத்தில் துணிக்கடையில் மூன்றே அளவில்தான் சட்டை இருந்தது: யானைக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, எலிக்கு ஒன்று. மனிதன் போனால் யானைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கையை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் ஒரு நாள் யாரோ கத்தரிக்கோல் என்று ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்தினார்கள். அளவெடுத்து வெட்ட ஆரம்பித்தார்கள். இந்த மனிதர் இன்னும் யானைச் சட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, இது என் தகுதிக்குத் தைத்தது என்கிறார்.

இருந்தாலும் பொறுமையாகப் பேசினாள். அப்போதுதான் அவர் கேட்டார், "சரி, அப்படி வெட்டினா யாருக்கு என்ன நம்பர் வரும்?"

"உங்களுக்கு இப்ப இருக்கறதேதான், 10.0.0.1. மாமாவுக்கு ரெண்டு. அத்தைக்கு மூணு. அக்காவுக்கு நாலு. எங்களுக்கு அஞ்சு, ஆறு."

மூத்தாரின் முகம் மாறியது. அலமாரிக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ எனக்கும் அவனுக்கும் நடுவுல மூணே நம்பரா?"

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அறியாமை என்று இவ்வளவு நேரம் நினைத்தது அறியாமை மட்டும் இல்லை. கிளாஸ், மாஸ்க் எல்லாம் மேலே போர்த்திய சால்வை. உள்ளே இருந்தது இதுதான்.

"முடியாதும்மா" என்றார் அவர். "டிசைன் கெட்டுப் போயிடும்."

சாயங்காலம் கணவன் வந்ததும் மாடியில் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டான்.

"அண்ணன் ஒண்ணு சொன்னா அதுல ஏதாவது இருக்கும்…"

"இருக்கு. ஒன்றரைக் கோடி காலி இடம் இருக்கு."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. உள்ளங்கை அளவுக்கு ஒரு ரவுட்டர் கடையில கிடைக்குது. நம்ம அறையில வெச்சா நம்ம அறை தனித் தெரு ஆயிடும். நம்ம தெருவுக்கு வேற நம்பர் போட்டுக்கலாம். என் கணினிக்கு இந்த வீட்டுப் பத்தே கண்ணுல படாது, அலுவலகத்தோட பத்து மட்டும்தான் தெரியும். வேலை முடிஞ்சுது."

அவன் முகம் மலர்ந்தது. "அப்போ வாங்கி வெச்சுடேன்! அண்ணனுக்கு எதுக்குச் சொல்லணும்? கட்டிலுக்கு அடியில…"

"கட்டிலுக்கு அடியிலயா?" அவள் குரல் தாழ்ந்தது. "திருட்டுப் பூனையா நான்? இதை ஒளிச்சு வெச்சா நாளைக்கு ஃபோனை ஒளிச்சு வெக்கணும், அப்புறம் சிரிப்பை ஒளிச்சு வெக்கணும். நீங்கதான் ஏற்கெனவே கதவைப் பாத்துக்கிட்டுச் சிரிக்கறீங்களே. உங்க அண்ணன்கிட்ட நீங்க கேளுங்க. நேரா, வாயைத் திறந்து. இல்லன்னா நான் போறேன். கோவிச்சுக்கிட்டு இல்ல. வேலைக்குப் போறேன்."

"கேக்கறேன்" என்றான்.

புதன்கிழமை காலை கேட்கப் போனான். வீரனை வழியனுப்புகிற மாதிரி அவள் மாடிப்படி வளைவு வரைக்கும் போய் நின்றாள். கீழே பேச்சுக் குரல் கேட்டது. சிரிப்புக் குரலும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் மேலே வந்தான். கையில் மாவுக் கட்டியில் பதித்த பல் அச்சு.

"என்னங்க இது?"

"அண்ணனுக்குக் கீழ்ப்பல் ஒண்ணு ஆடுதாம். அச்சு எடுத்தேன்."

"கேக்கப் போன விஷயம்?"

"வாயில அச்சை வெச்சிருக்கும்போது அவர் எப்படிப் பதில் சொல்வார்?"

அவள் அந்த அச்சைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இரண்டில் எது அதிகம் பேசும் என்று ஒரு விநாடி சந்தேகம் வந்தது. துணி அலமாரிக்கு மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கினாள்.

வியாழக்கிழமை பகலில் மாமியார் வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவள் துணி அடுக்குவதைப் பார்த்தார். "அவன் கோபப்பட்டா வீட்ல டிவி வராதும்மா" என்றார். அது அவருடைய நியாயம். அந்தப் பிள்ளையைப் பெற்று வளர்த்தவர், டிவிக்காக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புடவையை மடித்தபடியே, "நான் போனதும் எங்க ரெண்டு நம்பர்ல ஒண்ணு மிச்சமாகும் அத்தை. நீங்க எடுத்துக்கோங்க" என்றாள். மாமியாருக்கு அது கேலி என்று புரியவில்லை. "கேட்டுப் பாக்கறேன், குடுப்பானா?" என்றார்.

மாமியார் போன பிறகு ஓரகத்தி வந்தாள், மூத்தாரின் மனைவி. இஸ்திரி போட்ட துணிகளைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தாள். வீட்டில் அதிகம் பேசாதவள். இரவு ஒன்பது மணியானால் அவள் ஃபோனுக்கு மட்டும் இணைப்பு நின்றுவிடும். குடும்பப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேலை என்பது மூத்தாரின் கொள்கை.

"போறதுன்னா போயிடு" என்றாள் மெதுவாக. "இருக்கறதுன்னா என்னை மாதிரி இருக்காத."

"அக்கா…"

"சட்டையெல்லாம் அடியில வை. கசங்காது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சின்ன மருமகள் அன்றைக்குத்தான் அழுதாள். கிடங்குக்காகவும் இல்லை, மாஸ்க்குக்காகவும் இல்லை. இவ்வளவு கேலி பேசுகிற தன்னால், ஒரே ஒரு ஆளை மட்டும் கேலி பேசி விலக்க முடியவில்லையே என்றுதான். அந்த ஆள், அவளுடைய பல்லுக்காரன், ராத்திரி அவள் பக்கம் திரும்பிப் படுக்கவே இல்லை. மோட்டுவளையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்தபோது பக்கத்தில் அவன் இல்லை. பட்டறைக்குப் போய் ஒளிந்துகொண்டான் என்று நினைத்தாள். பெட்டியை மூடி, பூட்டி, சாப்பாட்டு மேசைக்கு இறங்கினாள். மூத்தார் ரொட்டியை ஒரு பக்கக் கடைவாயால் மட்டும் மென்றபடி, ஆடும் பல்லுக்கு இடம் விட்டு, பெருந்தன்மையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தப்பில்லம்மா. நாலு ஊர் பாத்தா அனுபவம். விடுதியிலயும் உனக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க. கிளாஸ் சி-யாத்தான் இருக்கும். அனுசரிச்சுக்கோ."

வாசல் மணி அடித்தது. கணவன் உள்ளே வந்தான். கையில் ஒரு காகிதப் பை. அவளைப் பார்க்கவில்லை. நேராக மேசைக்கு வந்து, பையிலிருந்து வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்னடா அது?" என்றார் மூத்தார்.

"ரவுட்டர்."

"இந்த வீட்டுக்கு ஒரு ரவுட்டர் இருக்கு."

"இது எங்க ரூமுக்கு."

மாமியாரின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஓரகத்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"தனிக்குடித்தனமா?" மூத்தாரின் குரல் அலமாரிக் கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பியது.

பல்லுக்காரன் பெட்டியை அண்ணன் பக்கமாக ஒரு விரலால் நகர்த்தினான். "ஆமா" என்றான்.

"ஐயோ, தனியா அடுப்பு வெக்கப் போறீங்களாடா?" என்று பதறினார் மாமியார்.

"இல்லம்மா. சாப்பாடு இங்கதான். நம்பர் மட்டும் தனி."

"எந்தப் பெட்டியும் என் அனுமதி இல்லாம இந்த வீட்ல உயிர் பெறாது." மூத்தார் இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டினார். "அலமாரியில நான் பேர் எழுதி வெச்ச சாமான்தான் இந்த இணைப்புல நுழைய முடியும். இதை நான் எழுத மாட்டேன். அவனவனுக்குக் குடுத்ததை அவனவன் அனுபவிக்கட்டும். நான் யார்கிட்ட இருந்தும் எதையும் பிடுங்கல. புதுசா எதையும் குடுக்கவும் போறதில்ல."

"புதுசா வேண்டாம்ணா." அவன் சட்டைப் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்தான். ஃபோனை மேசையில் வைத்தபோது கரண்டியில் இடித்து ஓசை எழுந்தது. "எனக்குக் குடுத்த நம்பர் இதுல இருக்கு. இதை எடுத்துடறேன். என் நம்பரை அந்தப் பெட்டிக்குக் குடுத்துடறேன்."

"அது நான் உனக்குக் குடுத்தது."

"குடுத்துட்டீங்கல்ல?"

மூத்தார் வாயைத் திறந்தார். ஆடும் பல் தெரிந்தது. மூடிக்கொண்டார்.

"அலமாரியைத் திறந்தாத்தானே மாத்த முடியும்" என்றார் கடைசியாக, சாவியைப் பொத்திக்கொண்டு. "திறக்க மாட்டேன்."

இப்போதுதான் அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். மேலே நீ பேசு என்றது அந்தப் பார்வை. இவ்வளவு தூரம் வந்ததே அவனுக்கு மலையேற்றம்.

"திறக்க வேண்டாம் அத்தான்" என்றாள் அவள். "அலமாரி ரவுட்டருக்கு ஆளைத் தெரியாது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அடையாள எண் இருக்கு, அதைத்தான் தெரியும். இவர் ஃபோனோட அடையாளத்தை இந்தப் பெட்டிக்குப் போட்டுட்டா, உங்க தம்பிதான் வந்திருக்கார்னு அதுவே கதவைத் திறந்துடும். நீங்க உக்காந்து சாப்பிடுங்க."

"இது மோசடி!"

"மோசடின்னா உங்ககிட்ட சொல்லிட்டுச் செய்வோமா?" என்றான் பல்லுக்காரன். சொன்ன பிறகு தானே திடுக்கிட்டுப் போனான்.

சமையலறை வாசலில் ஓரகத்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

இரண்டு பேரும் மாடி ஏறினார்கள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் முழுவதையும் குடித்தான். அவள் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அவன் ஃபோனின் அடையாளத்தை ஏற்றி, அறைக்குப் புது எண்களைப் போட்டாள். மடிக்கணினியைப் புதுத் தெருவில் சேர்த்தாள். வீட்டின் பத்து மறைந்தது. அலுவலகத்துக்குள் போனாள்.

திரை ஒரு கணம் வெறுமையாக நின்றது. பிறகு கிடங்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எங்கோ ஒரு துறைமுகத்தில் மீன் வைத்திருந்த கிடங்கு, எங்கோ ஒரு மலையடிவாரத்தில் பழம் வைத்திருந்த கிடங்கு, எல்லாவற்றின் குளிரும் பச்சை எழுத்தில் வரிசையாக வந்து நின்றது.

மேலாளர் அழைத்தார். வயதான பெண்மணி, கறார்க் குரல். எதையெல்லாம் திறக்கச் சொன்னாரோ அதையெல்லாம் அவள் திறந்து காட்டினாள்.

"திங்கட்கிழமை இணைப்பில் ஏதோ தகராறு என்று எழுதியிருந்தீர்களே?"

"வீடு கொஞ்சம் பெரிசா இருந்தது மேடம். தேவையான அளவுக்கு வெட்டிக்கிட்டோம்."

மேலாளர் சிரிக்கவில்லை. "நல்லது. விடுதி அறையை ரத்து செய்துவிடுகிறேன்" என்று வைத்துவிட்டார்.

கீழே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. சாவி திரும்பும் ஓசை, பிறகு நீண்ட அமைதி, மறுபடி சாவி. தம்பியின் எண் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், என்ன செய்கிறார்கள் என்பது எதுவும் தெரியாது. ஒன்றரைக் கோடி இடத்துக்குச் சொந்தக்காரர், எட்டிப் பார்க்க முடியாத ஒற்றை அறையை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதில் கொஞ்சமும் பாவமாக இல்லை. அவர் மதியம் வரைக்கும் திறந்து திறந்து மூடட்டும்.

கணவன் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு நின்றான். அதில் இப்போது எந்த இணைப்பும் இல்லை.

"எனக்கு?" என்றான்.

"வாங்க, சேர்த்துக்கறேன். எந்த நம்பர் வேணும்? இங்க முதல்லயும் போடலாம், கடைசியிலயும் போடலாம். மரியாதை எல்லாம் ஒண்ணுதான்."

"உனக்கு அடுத்தது குடு." ஃபோனை நீட்டிவிட்டு, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தான். "மொத்தம் எத்தனை இடம் வெச்சிருக்க?"

"ஆறு. பெட்டிக்கு ஒண்ணு போனா அஞ்சு."

"அஞ்சு போதுமா?" என்றான். இந்த முறை கதவைப் பார்க்கவில்லை.

"இப்போதைக்குப் போதும்" என்று சொல்லி அவள் அவன் ஃபோனை வாங்கிக்கொண்டாள். "போதாதுன்னு ஆகும்போது கோட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கலாம். நமக்கென்ன, நாம எந்தக் கிளாஸும் இல்லையே. முதல்ல அந்தப் பயணப் பெட்டியைப் பிரிச்சு என் துணியை எல்லாம் எடுத்து வைங்க. சட்டை அடியில இருக்கு, கசக்கிடாதீங்க."